மணல் தொட்டியில் விழுந்த பல்

அன்று காலை அந்த வீட்டில் யாரும் எதையும் கடிக்கக் கூடாது என்று உத்தரவு. ஆப்பிளைச் சீவல் சீவலாக அறுத்து டப்பாவில் அடைத்தாள் அம்மா. ரொட்டியின் ஓரத்தை நறுக்கி எடுத்தாள். பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்துத்தான் தின்ன வேண்டும். ஒரு வாரமாகவே இந்தச் சட்டம் அமலில் இருந்தது. மூத்தவளின் கீழ்வரிசையில் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

மூத்தவளுக்கு வீட்டில் அணில் என்று பெயர். பென்சில், சட்டைக் காலர், தலையணை உறையின் முனை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கொறிப்பாள். அவ்வளவு கொறித்தும், வகுப்பில் இன்னும் ஒரு பல்கூட விழாத ஒரே ஆள் அவள்தான். மற்ற பிள்ளைகள் ஓட்டை வாயைப் பதக்கம் மாதிரி காட்டிச் சிரிக்கும்போது, இவள் ஒரு குறையும் இல்லாத பல்வரிசையை உதட்டுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தாள்.

அம்மாவுக்குத் தொழிலே பல். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பற்கள் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் அவள் மூத்த கைக்காரி. பீங்கான் மாவைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் படலம் படலமாக ஏற்றி, சூளையில் சுட்டு, தேய்த்து மெருகேற்றுவாள். மாலையில் வீடு திரும்பும்போது புருவத்தில் வெள்ளைத் தூசி ஒட்டியிருக்கும். முகம் தெரியாத எத்தனையோ பேர் அவள் செய்த பல்லால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பட்டறை மேசையில் எப்போதும் பல பேருடைய வாய்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். அதனால் அச்சு கைக்கு வந்ததும் முதல் வேலை அதன் அடியில் ஒரு குறி போடுவது. "அடையாளம் போடாத பல் அனாதைப் பல்" என்பாள், புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம். வீட்டிலும் அதே பேச்சுதான். தண்ணீர் பாட்டில், காலுறை, குடை எல்லாவற்றிலும் அவள் போட்ட குறி இருக்கும்.

அந்தப் பட்டறை வேலையில் அவள் தவறவிட்டவையும் உண்டு. மகள் முதல் அடி எடுத்து வைத்ததை அவள் ஃபோனில்தான் கேட்டாள். கேட்டாள் என்றால், தொம்மென்று விழுந்த சத்தத்தையும் அதன் பிறகு கணவன் கைதட்டியதையும். மகன் முதலில் பேசிய வார்த்தை என்ன என்பதில் இன்றுவரை வழக்கு இருக்கிறது. அப்போதும் அவள் பட்டறையில்தான் இருந்தாள். ஆகவே இந்தப் பல் ஆடத் தொடங்கிய அன்றே மகளை மடியில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள்.

"ஊருல உள்ளவங்க பல்லையெல்லாம் நான் பாத்துக்கிட்டு இருக்கேன். உன்னோட முதல் பல்லு விழுறப்ப நான் பக்கத்துல இருக்கணும். சரியா? கைய வைக்காத. நாக்கால தள்ளாத. ரொம்ப ஆடுச்சுன்னா அம்மாகிட்ட சொல்லு. எங்க இருந்தாலும் ஓடி வந்துருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

விடுமுறை நாள். குழந்தைகளை இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போவதாக முடிவு. கிளம்பும் நேரத்தில் அம்மா ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்தாள். அலமாரியில் இருந்த சிவப்பு நகப்பூச்சு பாட்டில் மூடி இல்லாமல் கிடந்தது. உள்ளே பாதி காய்ந்து போயிருந்தது.

"யாரு இத தொறந்து போட்டது?"

சந்தேகம் வழக்கம்போல் இளையவன் மேல் போனது. நாலு வயது. உருண்டை என்று கூப்பிட்டால்தான் திரும்புவான். அவன் பத்து விரலையும் நீட்டிக் காட்டினான். சேறு இருந்தது, சிவப்பு இல்லை.

"நானும் போட்டுக்கல தாயே, வேணும்னா பாத்துக்க" என்று கணவனும் விரல்களை நீட்டினான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன்; நகக்கண்ணில் நிரந்தரமாகக் கருப்பு எண்ணெய் கோடு போட்டிருக்கும். அணில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரை மாட்ட அவளுக்கு அன்று வெகுநேரம் பிடித்தது.

அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அந்தரத்தில் நீந்திக்கொண்டிருந்தது. கீழே நின்றவர்கள் எல்லோரும் தம்மை அறியாமல் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு முக்காலி அளவு. அவை வாலை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற அளவில் முடிந்தன. மேல்கூரைக் கண்ணாடி வழியாக விழுந்த வெயிலில் விலா எலும்புகளின் நிழல் தரையில் பெரிய கூண்டாக விழுந்திருந்தது. குழந்தைகள் அந்தக் கூண்டுக்குள் புகுந்து புகுந்து ஓடினார்கள்.

கணவன் திமிங்கிலத்தைப் பார்க்கவில்லை. அதைத் தாங்கிய கம்பிகளைப் பார்த்தான். "என்னமா பிரிச்சு மாட்டிருக்கான் பாரு எடைய. ஒரு கம்பி அறுந்தாக்கூட மத்தது தாங்கும்."

"செத்துப்போச்சா?" என்றான் உருண்டை.

"ஆமாடா."

"கீழ விழுமா?"

"விழாது. அப்பா கியாரண்டி."

"அப்பவும் செத்தேதான் இருக்குமா?"

இந்தக் கேள்வியை அவன் விடுவதாக இல்லை. பறவைகள் கூடத்தில் கேட்டான். ஊசி குத்திய வண்ணத்துப்பூச்சிகளின் இழுப்பறைகளை இழுத்து இழுத்துக் கேட்டான். ஒரு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்த காவலாளியைக் காட்டியும் கேட்டுவிட்டான். காவலாளி கண்ணைத் திறந்து, "இன்னும் இல்ல தம்பி, ஷிஃப்ட் முடியலையே" என்றார்.

பல்லுக்காக ஒரு தனி அறை இருப்பது அம்மாவுக்குத் தெரியும். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. நுழைவாயிலில் கொடுத்த வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் கணவன் புரிந்துகொண்டான்.

"ஓகோ. பிள்ளைங்களுக்குத் திமிங்கிலம் காட்டணும்னு நச்சரிச்சது இதுக்குத்தானா? லீவு நாள்லயும் பல்லுதானா உனக்கு?"

"நீங்க மட்டும் என்ன? வந்ததுல இருந்து கம்பியையும் கொக்கியையும் பாத்துக்கிட்டு."

"அது பொதுமக்கள் பாதுகாப்பு."

அந்த அறை சிறியது. வெளிச்சம் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மட்டும் இருந்தது. நுழைந்ததுமே அவள் நடை மாறியது. கோயிலுக்குள் போகிறவர்கள் நடப்பதுபோல் நடந்தாள். சுறாவின் தாடைக்குள் பற்கள் வரிசைக்குப் பின் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. முன்னது விழுந்தால் பின்னது எழுந்து வந்து நிற்கும். நீர்நாயைவிடச் சற்றுப் பெரிய, மரம் அறுக்கும் ஒரு கொறிக்கும் பிராணியின் முன்பற்கள் துருப்பிடித்த ஆரஞ்சு நிறத்தில் இருந்தன. பல்லின் மேற்பூச்சில் இரும்பு கலந்திருப்பதால் அந்த நிறம் என்று பெட்டிக்குள் எழுதியிருந்தது. கலந்தவன் நல்ல கைக்காரன் என்று நினைத்துக்கொண்டாள். முன்பக்கம் கடினமாகவும் பின்பக்கம் மிருதுவாகவும் இருப்பதால், அறுக்க அறுக்கத் தானே தீட்டிக்கொள்ளும் உளி அது. பட்டறையில் அவர்கள் உளியைத் தீட்ட ஒரு ஆளே தனியாக இருந்தார்.

மகளும் கூடவே நின்று பார்த்தாள். ஆரஞ்சுப் பல் அவளுக்குப் பிடித்திருந்தது. "இது துலக்காததாம்மா?"

"இல்ல கண்ணு. பொறப்பே அப்படி."

"அப்ப எனக்கும் பொறப்பே அப்படின்னு சொல்லிரு. தினமும் துலக்க வேணாம்."

பிறகு யானையின் கடைவாய்ப்பல் வந்தது. அம்மா அங்கே நின்றவள் நின்றவள்தான்.

செங்கல்லைவிடப் பெரிய ஒற்றைப் பல். அதன் மேற்பரப்பில் வரப்பு வரப்பாக மேடுகள், ஒவ்வொரு வரப்புக்கும் வேறு வேறு நிறத்தில் விளிம்பு. பக்கத்திலேயே ஒரு கீழ்த்தாடையைப் பாதி அறுத்து, உள்ளே இருப்பது தெரியும்படி வைத்திருந்தார்கள். யானைக்குப் பல் கீழிருந்து மேலே முளைப்பதில்லை. பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வருகிறது. முன்னால் இருப்பது அரைத்து அரைத்துத் தேய்ந்து, துண்டு துண்டாக உதிர, பின்னால் காத்திருப்பது மெல்ல இடத்தைப் பிடிக்கிறது. அவசரமே இல்லாமல், ஆண்டுக்கணக்கில், ஒரு தாடைக்குள் நடக்கும் ஊர்வலம். தேய்ந்த வரப்பின் விளிம்பு, தேயாத வரப்பின் மேல்மூடி, இரண்டுக்கும் இடையில் இருந்த அந்தச் சிமெண்டு போன்ற பொருள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூன்று பொருளை வேறு வேறு வேகத்தில் தேயவைத்து, மேடு பள்ளம் என்றைக்கும் மாறாமல் பார்த்துக்கொள்கிற இந்த வித்தையை அவள் பீங்கானில் ஒருநாளும் செய்யப் போவதில்லை. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. கை தேர்ந்த ஒருவரின் வேலையை இன்னொரு கைக்காரி பார்க்கும் சந்தோஷம்தான் இருந்தது. மூக்கு கண்ணாடியில் பட்டு, மூச்சு அங்கே வட்டமாகப் பனித்தது.

சேலை முந்தானையை யாரோ இழுத்தார்கள்.

"அம்மா, ரொம்ப ஆடுது."

"ஒரு நிமிஷம் கண்ணு."

"அம்மா."

"ஒரே நிமிஷம். இந்தா வந்துட்டேன்."

முந்தானை விடுபட்டது. அவள் கவனிக்கவில்லை. அறுத்த தாடையின் பின்கோடியில், எலும்புக் குகைக்குள், இன்னும் வெளியே வராத ஒரு பல்லின் நுனி தெரிந்தது. முறை வருவதற்குக் காத்திருந்த பல். அதைப் பார்க்கத் தலையைச் சாய்த்தாள், இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

பல் அறைக்கு அடுத்தது குழந்தைகளுக்கான மணல் அறை. நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பெரிய தொட்டி. அதில் மெல்லிய மணல். மணலுக்குள் புதைபடிவச் சுறாப் பற்களைப் போட்டுவைத்திருந்தார்கள். தோண்டி எடுக்கலாம், பார்க்கலாம், மறுபடி போட்டுவிட வேண்டும். பச்சை ஏப்ரன் கட்டிய பெண் ஒருத்தி அதற்குப் பொறுப்பு. நாளெல்லாம் குழந்தைகளோடு பேசிக் கரகரத்துப்போன குரல். பிள்ளைகள் அவளை மணலக்கா என்று கூப்பிட்டார்கள்.

அம்மா பல் அறையைவிட்டு வெளியே வந்தபோது, அணில் தொட்டியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. வாயைத் திறந்து காட்டினாள். கீழ்வரிசையின் நடுவில் ஒரு சின்னச் சிவந்த வாசல்.

"விழுந்துருச்சு."

"எப்ப?"

"இப்பத்தான். தோண்டிக்கிட்டு இருந்தேன். தம்பி மணல ஊதுனான். சிரிச்சேன். விழுந்துருச்சு."

"எங்க விழுந்துச்சு?"

அணில் தொட்டியைக் காட்டினாள். தொட்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து குழந்தைகள் முழங்கை வரை கையைவிட்டுக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

உருண்டையோடு அங்கே நின்ற கணவன் தொட்டியைப் பார்த்தான், மனைவியின் முகத்தைப் பார்த்தான். எதையாவது சொல்லி அந்த முகத்தை மாற்ற நினைத்து, "கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டலன்னு கேட்டிருக்கேன். வாய்க்கு எட்டுனது கைக்கு எட்டாம போனத இப்பத்தான் பாக்குறேன்" என்றான். முகம் மாறவில்லை.

"சும்மா இருங்க. எங்கிட்ட வந்து சொன்னா. ரெண்டு தடவ சொன்னா." அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "நான் யானைப் பல்ல பாத்துக்கிட்டு நின்னேன்."

அவள் தொட்டிக்குள் கையை விடப் போனாள். பச்சை ஏப்ரன்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். விஷயத்தை ஒரே வாக்கியத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் சிரிக்கவும் இல்லை, ஐயோ பாவம் என்று சொல்லவும் இல்லை. ஒருமுறை கைதட்டினாள்.

"எல்லாரும் கைய மேல தூக்குங்க. மெதுவா. உதறக் கூடாது. இந்தப் பாப்பாவோட பல்லு உள்ள விழுந்திருக்கு."

பத்துப் பதினைந்து ஜோடிக் கைகள் மேலே எழுந்தன. விரலிடுக்கில் இருந்து மணல் மெல்லிய தாரைகளாகத் தொட்டிக்குள் திரும்ப விழுந்தது. அறை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. தன் மகனை இழுத்துக்கொண்டு நழுவப் பார்த்த ஒரு தகப்பனையும் அவள் விடவில்லை. "ஷூவ கழட்டித் தட்டிட்டுப் போங்க சார். மணலுக்கும் காலு இருக்கு."

அதன் பிறகு அவள் வேலை செய்த விதத்தை அம்மா இன்னொரு நாளாக இருந்தால் நாள் முழுக்க நின்று பார்த்திருப்பாள். தொட்டியின் ஒரு மூலையில் ஒரு கொடியை நட்டாள். அங்கிருந்து ஒரு முழ அகலத்துக்குக் கோடு கிழித்தாள். அந்தக் கோட்டுக்குள் மட்டும், மேல்மணலை முதலில், அடிமணலைப் பிறகு, சின்னக் கரண்டியால் அள்ளிச் சல்லடையில் போட்டாள். சலித்த மணல் பக்கத்தில் இருந்த வாளிக்குப் போனது. சலிக்காததோடு ஒரு மணிகூடக் கலக்கவில்லை. ஒரு கோடு முடிந்த பின்தான் அடுத்த கோடு.

"நடுவுல எங்கயோதான் விழுந்துச்சாம். அங்க பாத்துட்டா போதாதா?" என்று கேட்டான் கணவன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க சார். இத்தன கை கிளறுன மணல்ல நடு ஏது, ஓரம் ஏது? பூமிய தோண்டி எலும்பு எடுக்கிறவங்களும் ஓரத்துல இருந்துதான் வருவாங்க."

குழந்தைகளுக்கும் வேலை கொடுத்தாள். இரண்டு பேர் சல்லடையை ஆட்ட, இரண்டு பேர் தங்கியதைத் தட்டில் கொட்ட, மிச்சம் பேர் மூச்சுவிடாமல் பார்க்க. உருண்டைக்குக் கொடியைப் பிடித்துக்கொள்ளும் பதவி. கணவனுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். தட்டில் வருவதையெல்லாம் கழுவித் துணியில் பரப்ப வேண்டும். சும்மா நிற்பதைவிட அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. போல்ட்டு நட்டு கழுவுவதுபோல் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். "இது போக மாட்டேங்குதே" என்று ஏதோ ஒன்றை மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டு வைத்தான்.

கடைசிக் கோடும் முடிந்தபோது துணியின் மேல் ஒரு குட்டிச் சந்தையே இருந்தது. கருத்த சுறாப் பற்கள் ஏராளம். ஒரு கிளிப், பாதி ரப்பர், கோட்டுப் பட்டன் ஒன்று. ஓரத்தில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, மூன்று பால்பற்கள்.

மூன்று.

ஏப்ரன்காரியே குனிந்து பார்த்தாள். "பல்லு கெடைக்கிறது புதுசு இல்ல. மாசத்துக்கு ஒருதடவ சலிக்கிறப்ப ஒண்ணு ரெண்டு வரும். வாயத் தொறந்துக்கிட்டேதான தோண்டுறாங்க. ஆனா இந்தத் தடவ மூணு. இதுல உங்க பாப்பாது எது?"

"அத எங்கிட்ட விடுங்க" என்றாள் அம்மா. அந்த ஒரு மணிநேரத்தில் முதன்முறையாக அவள் குரலில் உயிர் வந்தது. "என் பொண்ணு பல்லு எனக்குத் தெரியாதா?"

பற்களைத் துணியோடு ஏந்தி ஜன்னலுக்குப் போனாள். குழல்விளக்கில் பல்லின் நிறம் பார்க்கக் கூடாது. பட்டறையில் அவள் பிறரைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரல்நுனியில் நிறுத்தித் திருப்பினாள். குழந்தைகள் அவளைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். தன் வேலையில் இருக்கும்போது அவள் முகத்தில் வரும் அந்த அமைதியைக் கணவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். அதனால் கிண்டல் செய்யவில்லை.

முதலாவது லேசாக மஞ்சள், முனையில் ஒரு சின்னச் சில்லு போயிருந்தது. இரண்டாவது கொஞ்சம் அகலம். மூன்றாவதைத் திருப்பியபோது அவள் கை நின்றது. விளிம்பில் கண்ணாடிபோல ஒளி ஊடுருவியது. நடுவில் பால்நிறம். இரண்டும் சேருமிடம் தெரியவே இல்லை. அப்படி ஒரு சேர்க்கைக்காக அவள் பீங்கானில் நாள்கணக்காக மல்லுக்கட்டுவாள்.

"இதுதான்" என்றாள்.

எல்லோரும் மூச்சுவிட்டார்கள். யாரோ ஒரு பையன் கைகூடத் தட்டினான்.

"அது இல்ல" என்றாள் அணில்.

"கண்ணு, அம்மா தினமும் பாக்குற பல்லு. இதுதான். எவ்வளவு அழகா இருக்கு பாரு."

"அழகாத்தான் இருக்கு. ஆனா என்னோடது இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"திருப்பிப் பாரு. எல்லாத்தையும் பின்னாடி திருப்பிப் பாரு."

அம்மா திருப்பினாள். அழகான பல்லின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அகலமானதிலும் ஒன்றுமில்லை. சில்லு போன மஞ்சள் பல்லின் பின்பக்கத்தில், கடுகைவிடச் சிறியதாக, ஒரு சிவப்புப் புள்ளி.

"அட, இதத்தான் ரத்தம்னு நெனச்சுத் தேய் தேய்ன்னு தேச்சேன்" என்றான் கணவன்.

அம்மா புள்ளியை முகர்ந்து பார்த்தாள். காலையில் மூடி இல்லாமல் கிடந்த பாட்டில் நினைவுக்கு வந்தது. செருப்பு வார் மாட்ட அவ்வளவு நேரம் ஆனதும் நினைவுக்கு வந்தது.

"அடிப்பாவி. வாய்க்குள்ளயா நகப்பூச்சு போட்ட?"

"கொஞ்சூண்டு. நேத்து. பேப்பரால தொடச்சிட்டு, கண்ணாடி பாத்து, பல்குத்துற குச்சியால வச்சேன். காயிற வரைக்கும் வாய மூடவே இல்ல. தம்பி நான் கொட்டாவி விடுறேன்னு நெனச்சான்."

"ரொம்ப நேரமா விட்டா" என்று சாட்சி சொன்னான் உருண்டை.

"வயித்துக்குள்ள போயிருந்தா என்ன ஆகும்? எதுக்குடி இந்த வேல?"

அணில் அம்மாவைச் சற்று ஆச்சரியமாகப் பார்த்தாள். இது தெரியாதா என்பதுபோல. "நீதான சொல்லுவ, அடையாளம் போடாத பல்லு அனாதைப் பல்லுன்னு."

"அது வேற யார் யாரோ பல்லெல்லாம் ஒண்ணாக் கெடக்குறப்ப. இங்க நான்தான் பக்கத்துல இருக்கேன்னு சொன்னேனே."

"இல்லாம போயிட்டா?" என்றாள் அணில்.

அதில் புகார் இல்லை. மழை வந்தால் என்று குடையை எடுத்துவைப்பவர்கள் சொல்வதுபோலச் சொன்னாள். "ஸ்கூல்ல விழுந்தா, நீ பட்டறையில இருப்ப. வந்து பாக்குறப்ப என்னோடதுதான்னு உனக்குத் தெரியணும்ல."

அம்மா சில்லு போன மஞ்சள் பல்லை மறுபடி பார்த்தாள். போன மாதம் மகள் கதவுக் கைப்பிடியைக் கடித்தது இப்போது நினைவு வந்தது. சில்லு அதில் போயிருக்க வேண்டும். உரிமைக்காரி வந்து சொல்லும்வரை அது கண்ணிலேயே படவில்லை. இருந்ததில் அழகானதை எடுத்து இதுதான் என் மகளுடையது என்று அத்தனை பேர் முன்னால் நீட்டியிருக்கிறாள். புள்ளியோ, கை நடுங்காமல், ஓரம் சிதறாமல், ஈறில் படாமல் நடுவில் உட்கார்ந்திருந்தது. ஆடுகிற பல்லில், கண்ணாடியில் இடம் வலம் மாறிப் பார்த்துக்கொண்டு, அவளுடைய பட்டறையில் எத்தனை பேரால் இதைச் செய்ய முடியும்?

"நல்ல கை" என்றாள் கடைசியில். பட்டறையில் அவள் எப்போதாவது சொல்லும் பாராட்டு அது. அணிலுக்கு அது தெரியும். ஓட்டை தெரியச் சிரித்தாள்.

ஏப்ரன்காரி மற்ற இரண்டு பற்களையும் எடுத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டாள். அதற்குள் ஏற்கெனவே சில இருந்தன.

"அதுங்கள என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் அணில்.

"யாராவது தேடி வந்தா குடுப்பேன். வரலைன்னா இங்கயே இருக்கட்டும். இந்தக் கட்டடத்துல இருக்கிற பல்லெல்லாம் யாரும் தேடி வராத பல்லுதான கண்ணு."

உருண்டை எட்டி அக்காவின் உள்ளங்கையைப் பார்த்தான். அன்றைக்கு அவன் கேட்காமல் விட்ட பொருள் இது ஒன்றுதான். "இது செத்துப்போச்சா?"

"இல்லடா. இதோட முறை முடிஞ்சுருச்சு" என்றாள் அம்மா.

பல்லைத் துணியில் சுற்றி அம்மாவின் பைக்குள் வைத்தார்கள். கணவன் வெளியே போகும் வழியை நோக்கி நடந்தான். பசி எல்லோருக்கும் தெரிய ஆரம்பித்திருந்தது. அணில் மட்டும் நகரவில்லை.

"அம்மா, நான் கூப்பிட்டப்ப நீ என்னத்த பாத்துக்கிட்டு இருந்த?"

"ஒண்ணும் இல்ல கண்ணு. தப்புதான் அது. இனிமே அப்படி..."

"தப்ப கேக்கல. பாத்தத கேக்குறேன். காட்டு."

இருவரும் சின்ன அறைக்குள் திரும்பிப் போனார்கள். கண்ணாடியில் அம்மாவின் மூக்குத் தடம் இன்னும் இருந்தது. மகளை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு காட்டினாள்: தேய்ந்த வரப்பு இது, தேயாதது இது, இது இப்படி நகர்ந்து வரும், இது துண்டு துண்டாக விழும். அங்கே, குகைக்குள், தலையைச் சாய்த்தால் தெரியும், இன்னும் முறை வராதது. அணில் தலையைச் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். அவள் மூக்கு கண்ணாடியில் பட்டது. அம்மாவின் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன வட்டம் பனித்தது.

வாசலில் இருந்து கணவன் கூப்பிட்டான். "வர்றீங்களா இல்லையா? இங்க ஒருத்தன் பசியில என் கைய கடிக்கிறான்."

"ஒரு நிமிஷம்ப்பா" என்றாள் அணில், திரும்பாமலே.